வலது கன்னம்

என் இதயம் நன்றாக இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆஸ்பத்திரியில் என்னைப் பற்றி யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள். துடிப்பு படு சீராக இருக்கிறதாம். மூச்சுதான் இல்லை. பினாங்கில், ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில், மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டு, பக்கத்தில் உறுமும் ஆக்சிஜன் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறேன். குளியலறைக்குப் போய்வந்தாலே மலையேறிவிட்டு வந்தவனைப் போல மூச்சு வாங்குகிறது.

என் பெயர் மோகனராஜ். தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து தொழிற்சாலை பஸ் ஓட்டியவன். புக்கிட் மெர்தாஜாமில் ஆள் ஏற்றிக்கொண்டு, கடல் பாலத்தைக் கடந்து, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இறக்கிவிடுவேன். ஷிஃப்ட் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்புவேன். நம் நாட்டில் டிரைவர் இருக்கை வலது பக்கம். சன்னல் வழியாக வெயில் என் வலது கன்னத்திலும் வலது கையிலும் விழுந்துகொண்டே இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவர் வைத்துக்கொள்ளவில்லை.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபத்தில் இலவச இதயப் பரிசோதனை நடத்தினார்கள். மதியச் சாப்பாடும் உண்டு என்றதால் போனேன். நெஞ்சில் ஒயர்களை ஒட்டிய பெண் இயந்திரத்திலிருந்து வந்த காகிதத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "அங்கிள், எந்திரிக்காதீங்க, அப்படியே படுங்க" என்றாள். என் துடிப்பு தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு அதுவரை பசி ஒன்றுதான் தெரிந்திருந்தது. அன்றைக்குச் சாப்பாடும் போயிற்று.

பஸ் கம்பெனியின் இன்சூரன்ஸ், ஜார்ஜ் டவுனில் இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியோடு ஒப்பந்தம். அங்கே இதயத்துக்கென்று இருந்த பெரிய டாக்டருக்கு அரசாங்கம் தரும் டத்தோ பட்டம் கிடைத்திருந்ததால் எல்லோருக்கும் அவர் டத்தோதான். முதலில் தந்த மாத்திரைகள் எனக்குச் சரிவரவில்லை. பிறகு அமியோடரோன் என்று ஒன்றை எழுதினார். கோபத்துக்காக நியாயத்தை விடக்கூடாது. அந்த மாத்திரைதான் என் துடிப்பை அடக்கியது. கம்பெனி மறுபடியும் பஸ் சாவியைக் கையில் கொடுத்தது.

அதன் பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டும். போனதும் நர்ஸ் சட்டையைக் கழற்றச் சொல்லி ஈசிஜி எடுப்பாள். நெஞ்சில் என்றைக்கு வெயில் பட்டிருக்கிறது? அது பிறந்தபோது இருந்த நிறத்திலேயே இருந்தது. நான் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு உள்ளே போவதற்குள் காகிதம் டத்தோவின் மேசைக்குப் போயிருக்கும். அவர் அதைத்தான் பார்ப்பார். "சந்தெக்" என்பார் மலாயில். அழகு என்று அர்த்தம். மாத்திரையை மறுபடியும் எழுதுவார். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கை கொடுப்பார். பெரிய மனிதர் நம் துடிப்பை அழகு என்கிறாரே என்று நானும் பூரித்துப்போய் வெளியே வருவேன்.

மாத்திரை ஆரம்பித்த வருடம் முடிவதற்குள் முகம் மாற ஆரம்பித்தது. கறுத்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். கறுப்பு எனக்குத் தெரியும், அதோடுதான் பிறந்தேன், அதற்காகப் பள்ளிக்கூடத்திலேயே பட்டப்பெயர் வாங்கியவன். இது வேறு. நீலமும் சாம்பலும் கலந்த ஒரு நிறம், அடிப்பிடித்துத் தேய்த்த அலுமினியச் சட்டியில் இருக்குமே, அது. வலது கன்னத்தில் தொடங்கி மூக்கு வரைக்கும் வந்தது. வலது கையில் முழங்கை வரைக்கும் ஏறியது. ராமசாமி என்னோடு பஸ் ஓட்டுகிறவன், கேன்டீனில் நாலு பேர் நடுவில் என் முகத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"என்னா மோகன், ஒரு பக்கம் தீஞ்சு போச்சு. மறுபக்கம் திருப்பிப் போடு லா" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன். கறுப்பாகப் பிறந்தவனுக்கு அது பழகிப்போன வேலை.

என் மனைவி ஜெகதீஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஒரே மகள் தனுஜாவுக்கு அப்போதுதான் இடம் வந்திருந்தது. புக்கிட் மெர்தாஜாமில் சொந்த வீடு, நல்ல பையன், பினாங்கிலேயே வேலை. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தனுஜாவைப் பார்த்து, "பொண்ணு அம்மா சாயல், நல்லதா போச்சு" என்றார். போகும்போது சமையலறையில் ஜெகதீஸ்வரியை நிறுத்தி மெதுவாகக் கேட்டது கூடத்திலிருந்த எனக்கே கேட்டது.

"தப்பா நெனைக்காதீங்க. அவருக்கு ஏதும் சீக்கா, இல்ல ஒடம்பே அப்படித்தானா?"

"ஒடம்பே அப்படித்தான் அக்கா" என்றாள் ஜெகதீஸ்வரி. "அவங்க அம்மா வழி. எல்லாருமே நல்ல கருப்பு."

என் அம்மா மாநிறம். செத்துப்போனவள் வந்து மறுக்கவா போகிறாள்? நானும் வாயைத் திறக்கவில்லை. நோய் என்று ஒரு வார்த்தை விழுந்தால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். அப்பனுக்கு இருப்பது மகளுக்கு வராதா, மகள் வயிற்றுப் பிள்ளைக்கு வராதா என்று கேட்டுவிட்டு, தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நிறத்தையாவது சகித்துக்கொள்வார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் என் முகத்துக்குத் தனி வேலைத்திட்டம் தொடங்கியது. வெளுக்கிற கிரீம், தக்காளிச் சாறு, கடலை மாவு. எதற்கும் அது மசியவில்லை. கடைசியில் பவுடர்தான் கைகொடுத்தது. நம் வீடுகளில் எங்கே கிளம்பினாலும் முகத்துக்குப் பவுடர் போடுவது வழக்கம்தானே. ஜெகதீஸ்வரி அதை இரண்டு சுற்று கூட்டினாள். தனுஜாவின் மேக்கப் டப்பாவிலிருந்து எதையோ எடுத்து வலது கன்னத்துக்கு மட்டும் முதலில் பூசி, மேலே பவுடரை அப்புவாள். டாக்டரைப் பார்க்கப் போகும் நாளில் இன்னும் அக்கறை. சவரம், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பவுடர்.

"நம்மள பாத்தா டாக்டருக்கு மதிப்பு வரணும்" என்பாள். "கண்ட கோலத்துல போனா ஒழுங்கா பாக்க மாட்டாங்க."

அப்படித்தான் டத்தோவின் எதிரில் போய்ப் போய் உட்கார்ந்தேன். இருமல் வந்தது, சளி இல்லாத வறட்டு இருமல். சொன்னேன். "ஹேஸ் சீசன்" என்றார், இருமல் மருந்து எழுதினார். அந்தச் சமயம் சுமத்ராவில் காடு எரிந்த புகை இங்கே வந்து மூடியிருந்தது உண்மைதான். புகை போன பிறகும் இருமல் போகவில்லை. கல்யாணத்தில் மகளைக் கைபிடித்துக் கொடுக்கும்போது எனக்கு மூச்சு வாங்கியது. அப்பா அழுகிறார் என்று எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கல்யாணம் முடிந்து மூன்று மாதம் கழித்து, டத்தோ லீவில் லண்டன் போயிருந்தார். அவருக்குப் பதிலாக அதிரா என்று ஒரு டாக்டர் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குப் பார்த்து மழை. கார் நிறுத்திய இடத்திலிருந்து கதவு வரைக்கும் நடந்ததில் தொப்பலாக நனைந்தேன். அந்தத் தூரம் நடந்ததற்கே நாற்காலியில் விழுந்து வாயால் மூச்சு விட்டேன். டாக்டர் அதிரா காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பவுடர் கரைந்து கோடு கோடாக ஓடியிருக்க வேண்டும். டிஷ்யூவை எடுத்து எழுந்துவந்து அவரே என் கன்னத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க அவர் முகம் மாறியது.

"அங்கிள், இது எப்பலேர்ந்து இப்படி?"

"பொறந்ததுலேர்ந்து" என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. இடது கன்னத்தைத் துடைத்துப் பார்த்தார். முழுக்கைச் சட்டையை மடக்கி இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துப் பார்த்தார். முதுகில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். "இந்த மாத்திர குடுத்தப்ப வெயில் படக்கூடாதுன்னு சொன்னாங்களா? ரத்தம் எடுத்தாங்களா, நெஞ்சு எக்ஸ்ரே?"

"ஈசிஜி எடுத்தாங்க" என்றேன். "சந்தெக்னு சொன்னாங்க."

அன்றைக்கே எக்ஸ்ரே, மறுநாள் ஸ்கேன். இந்த மாத்திரை துடிப்பை அடக்குகிற கையோடு தைராய்டு, ஈரல், கண், தோல், நுரையீரல் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்குமாம். அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை செய்ய வேண்டுமாம். என் தோல் ஒரு வருடத்துக்கு மேலாகத் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. மாத்திரையை நிறுத்தினார்கள், வேறு மருந்து தந்தார்கள். நுரையீரலில் தழும்பாகிப்போன இடம் இனித் திரும்பாது என்றார் டாக்டர் அதிரா. "கொஞ்சம் முன்னாடி பாத்திருந்தா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பஸ் சாவியைக் கம்பெனி வாங்கிக்கொண்டது.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. டத்தோ என் முகத்தைப் பார்த்து, இது இத்தனை நாள் என் கண்முன்னால் இருந்தது, நான் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் புகார் எழுதினேன். லண்டனிலிருந்து திரும்பிய டத்தோவின் பதில், கல்யாணத்துக்கு முன்பு கடைசியாகப் பார்த்தபோது தோலில் மாற்றம் எதுவும் இல்லை, எல்லாம் திடீரென்று வந்திருக்கிறது என்பது. விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நிறம் எப்போது மாறியது என்று தெரிய, பழைய போட்டோக்களைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

தனுஜா தன் கைப்பேசியைத் தோண்டினாள். தீபாவளி, நிச்சயதார்த்தம், பிறந்தநாள். ஒவ்வொன்றிலும் நான் கோதுமை நிறத்தில் பளபளவென்று இருந்தேன். முகத்தை வெளுப்பாக்கித்தான் அந்தக் கைப்பேசி படமே எடுக்கிறதாம். கல்யாண ஆல்பத்தைத் திறந்தோம். அதில் என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை. தனுஜா போட்டோக்காரரைக் கூப்பிட்டு, திருத்தாத படம் இருக்கிறதா என்று கேட்டாள்.

"அதெல்லாம் வச்சுக்கறதில்லக்கா" என்றார். "அப்பாவ மட்டும் ஸ்பெஷலா கலர் பண்ணச் சொல்லி அம்மாதானே சொன்னாங்க."

ராமசாமியைச் சாட்சி சொல்ல வரச் சொன்னேன். அவன் யோசித்தான். "நான் என்னான்னு சொல்றது மோகன்? நீ எப்பவுமே அப்படித்தானே இருந்த."

இனி மீதி இருந்தது ஜெகதீஸ்வரி ஒருத்திதான். இந்தக் கன்னத்தைத் தினமும் கையால் தொட்டவள். எந்த மாதம் தொடங்கியது, எந்த மாதம் மூக்குக்கு வந்தது என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். விசாரணைக்குக் கிளம்பும் அன்று காலையில் பவுடர் டப்பாவை அவள் தொடவில்லை. எனக்கு அது பெரிய நம்பிக்கையாக இருந்தது.

ஆக்சிஜன் உருளையோடு என்னைக் கொண்டுபோக மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டு காரோடு வந்திருந்தார். நல்ல பையன், அதில் குறை சொல்ல மாட்டேன். ஐந்து மாத வயிற்றோடு தனுஜாவும் வந்தாள். நீள மேசைக்கு அந்தப் பக்கம் டத்தோ, நிர்வாக அதிகாரி ஒருவர், ஓரத்தில் டாக்டர் அதிரா. இந்தப் பக்கம் நாங்கள் நாலு பேர். வேறு படம் இல்லாமல் நாங்கள் கொண்டுபோன கல்யாண ஆல்பத்தை டத்தோ புரட்டினார். கன்னிகாதானப் படத்தில் நின்று, அதிகாரியின் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"சந்தெக்" என்றார்.

அதிகாரி தமிழர். ஜெகதீஸ்வரியிடம் தமிழிலேயே கேட்டார். "அம்மா, படத்த விடுங்க. நீங்க கூடவே இருக்கறவங்க. இவரு மொகம் மாறினத நீங்க எப்ப பாத்தீங்க? கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் அக்கறையாக முன்னால் சாய்ந்து அவள் பதிலுக்குக் காத்திருந்தார். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அவர் அம்மா என்ன நடந்தது என்று கேட்பார், அவர் ஒரு வார்த்தை விடாமல் சொல்வார். தனுஜா குனிந்து தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்னாடிதான் சார்" என்றாள் ஜெகதீஸ்வரி. "கல்யாணத்தப்ப நல்லாத்தான் இருந்தாரு."

அதிகாரி எழுதிக்கொண்டார். டாக்டர் அதிரா என்னைப் பார்த்தார். நான் மறுப்பேன் என்று எதிர்பார்த்தார் போல. எனக்கு அவள்மேல் வந்த கோபம் டத்தோமேல்கூட வந்ததில்லை. பொய் சொல்கிறாள் என்று கத்த வாய் திறந்தேன். தனுஜா தலையை நிமிர்த்தாமலே கையை நீட்டி என் முழுக்கைச் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

வாயை மூடிக்கொண்டேன்.

மாப்பிள்ளை சட்டென்று எழுந்தார். மாமாவுக்கு மூச்சு போதவில்லை என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, ஆக்சிஜன் உருளையின் திருகைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.