ராஜாவின் ஆள்காட்டி விரல்

அன்று அலினாவுக்குக் கடைசி நாள். இரண்டு வாரமாகக் காலையில் கட்கி ஸ்டேஷனில் லோக்கல் ரயில் பிடித்து ஆகுர்டிக்கு வருகிறாள். கைகளுக்கென்றே நடக்கும் சின்ன ஆஸ்பத்திரி அது. சுற்றிலும் தொழிற்சாலைகள், அடிபட்ட கைகளுக்குப் பஞ்சமில்லை. வந்து ஓரமாக நிற்பாள், அவ்வளவுதான் அவள் வேலை. நீட் தேர்வை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் எட்டாமல் போனவள். மூன்றாவது முறை உட்காருவதற்கு முன் அறுவை மருத்துவத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டர் பரஞ்ச்பே மேடத்தின் மகனுக்கு அலினாவின் அம்மா ஃப்ளோரா டீச்சர் பாடம் எடுத்தவள். அந்தத் தயவில் கிடைத்த ஓரம் இது.

அவள் மனதில் வைத்திருந்த காட்சி வேறு. நுண்ணோக்கிக்குக் கீழே முடியைவிட மெல்லிய நூல். செத்துக் கிடந்த விரலில் ரத்தம் பாய்ந்து, மெழுகு நிறம் மெல்ல மெல்ல இளஞ்சிவப்பாக மாறும் நொடி. அதைப் பார்த்துவிட்டால் இன்னொரு வருடம் படிக்கத் தெம்பு வந்துவிடும் என்று நம்பினாள். இதுவரை கண்டதெல்லாம் கட்டுப் பிரிப்பது, கட்டுப் போடுவது, மடங்காத விரல்களை மடக்கச் சொல்லிக் கெஞ்சுவது. நின்று நின்று கால்தான் வலித்தது.

பகல் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் தளேகாவ் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஒரு டெம்போ வந்தது. பிரஸ் மெஷினில் இடது ஆள்காட்டி விரல் அடியோடு போன ஆள்; பெயர் ராஜா, ஊர் தமிழ்நாட்டில் உளுந்தூர்பேட்டைப் பக்கம். ஒப்பந்தத்தில் வந்து நாலு மாதம்தான் ஆகிறது. கூட வந்த ஸ்ரீநிவாசன் தன் டிபன் டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றான். உள்ளே கரும்புச்சாறு கடையில் வாங்கிய ஐஸ். அதன்மேல் பிளாஸ்டிக் பையில் விரல்.

"இந்தில என்னென்னமோ கேக்கறாங்க. இவனுக்குத் தெரிஞ்சது 'சாலூ கர்', 'பந்த் கர்'... மெஷின ஓட்டு, நிறுத்து, அந்த ரெண்டுதான். எனக்கு அதுவும் இல்ல" என்றான் ஸ்ரீநிவாசன். பிறகு ராஜாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "மச்சான், அடுத்த எலக்சன்ல ஒனக்கு எங்கடா மை வெப்பாங்க?" என்றான்.

"ஒன் மூஞ்சில வெக்கச் சொல்றேன்" என்றான் ராஜா, பல்லைக் கடித்துக்கொண்டு.

அலினா தன்னை மறந்து தமிழில் சிரித்துவிட்டாள் போலும்; இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் பரஞ்ச்பேயும் பார்த்தார். முந்தின நாளிலிருந்து தூங்காத கண்கள். "உனக்குத் தமிழ் தெரியும் இல்லையா? நான் சொல்வதை அப்படியே சொல். கூட்டாதே, குறைக்காதே" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

வழி இரண்டு. விரலை ஒட்ட வைக்கலாம்; அதற்குப் பகல் முழுக்க ஆகும். பிடித்தாலும் அநேகமாக மடங்காது. ஆறு மாதத்துக்குக் கனமான வேலை கூடாது. இல்லையென்றால் மூடித் தைத்துவிடலாம். ஒரு மாதத்தில் வேலைக்குப் போகலாம், நடுவிரல் இதன் வேலையைப் பழகிக்கொள்ளும். முடிவு அடிபட்டவருடையது.

அலினா ராஜாவின் பக்கத்தில் போய் நின்றாள். வீட்டுத் தமிழ் நாக்கில் தடுக்கியது. "அண்ணே, விரல ஒட்ட வைக்கலாம்னு சொல்லுதாங்க. மைக்ரோஸ்கோப் வச்சு, முடி மாதிரி நூல் வச்சு... ரொம்ப பெரிய ஆபரேஷன். இல்லன்னா வெட்டி, மூடி, அவ்வளவுதான்."

"ஒட்டிக்கினா மடங்குமா?"

கேள்வி வந்த வேகத்தில் பதிலும் வந்துவிட்டது. "மடங்கும். எக்சர்சைஸ் பண்ணணும்."

"எத்தினி நாளு ஆவும்?"

"கொஞ்ச நாள்."

"அப்ப ஒட்டிடச் சொல்லுமா" என்றான் ராஜா.

அலினா அதைச் சொன்னதும் டாக்டர் தலையாட்டிவிட்டு, நுண்ணோக்கியைத் தயார் செய்யச் சொல்லி வராண்டாவில் நடந்தபடியே போனில் மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிட்டார். அலினாவுக்குப் பச்சை உடுப்பு ஒன்றைக் கொடுத்து மாற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள். உடுப்பு அவளுக்கு இரண்டு சுற்றுப் பெரிது. நாடாவை இழுத்து இரண்டு முடிச்சுப் போட்டாள்.

உடுப்பு மாற்றும் அறைக்கும் ராஜாவின் கட்டிலுக்கும் நடுவில் ஒரு துணித்தட்டிதான். அவன் ஊரில் இருக்கும் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தான்.

"அழுவாத. ஒண்ணுமில்லன்றேன்ல... இல்ல, மடங்குமாம். கொஞ்ச நாள்ல சரியாயிடுமாம். யாரோ சொல்லல, டாக்டரம்மாவே சொன்னாங்க. நம்ம தமிழ்ப் பொண்ணுதான். அவங்களுக்கு நம்மகிட்ட பொய் சொல்லி என்னா ஆவணும்?"

அலினா அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஆகவேண்டியது இருந்தது. ஒரு விரல் சிவப்பதைப் பார்க்க வேண்டியிருந்தது. எழுந்து போனால் அது நடக்காது. உட்கார்ந்தே இருந்தால் நடந்துவிடும். இரண்டு வருடப் படிப்பின் களைப்பெல்லாம் ஒன்றுசேர்ந்து, உட்கார்ந்திரு என்றது.

எழுந்து தட்டியை விலக்கினாள்.

"அண்ணே, நான் டாக்டர் இல்ல. இன்னும் படிக்கவே ஆரம்பிக்கல. மேடம் சொன்னத நான் முழுசா சொல்லல. ஒட்டினாலும் அநேகமா மடங்காதாம். ஆறு மாசம் வேலை செய்ய முடியாது. மூடிட்டா ஒரு மாசத்துல போகலாமாம்."

ராஜா போனைக் காதிலிருந்து எடுத்தான். மனைவியின் குரல் சின்னதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அப்பறம் ஏன் அப்பிடிச் சொன்ன?"

"அந்த ஆபரேஷன பாக்கணும்னு... எனக்கு ஆசை."

"ஒன் ஆசைக்கு எங்காளு வெரலுதான் கெடச்சிதா?" ஸ்ரீநிவாசன் எழுந்துவிட்டான்.

"சும்மா இர்றா" என்றான் ராஜா. போனை அணைத்து மார்பின்மேல் வைத்தான். "ஆறு மாசம் யாரு சோறு போடுவா? மெஷின்ல தகடு தள்றவனுக்கு நீட்டிக்கினு நிக்கற வெரலு எதுக்கு? மூடிடச் சொல்லு." பிறகு டிபன் டப்பாவைப் பார்த்தான். "அத என்னா செய்வாங்க?"

அவளுக்குத் தெரியவில்லை. "கேட்டுச் சொல்லுதேன்" என்றாள்.

டாக்டரிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் திட்டவில்லை. திட்டுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. அவளை ஒரு முறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். ராஜாவிடம் தானே போய், அலினாவின் வாயாலேயே எல்லாவற்றையும் ஒரு முறை திரும்பச் சொல்ல வைத்து, அவன் தலையசைப்பதைப் பார்த்துக்கொண்டார். பிறகு, மயக்க மருந்து டாக்டரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, "கையை மட்டும்தான் மரத்துப்போகச் செய்யப்போகிறேன். அவர் விழித்திருப்பார். நீ தலைப்பக்கம் நின்று பேசிக்கொண்டிரு. என் பக்கம் வராதே" என்றார்.

ஆகவே அலினா கடைசி நாளில் அறுவை அரங்குக்குள் நுழைந்தாள். ராஜாவின் கழுத்துக்கும் கைக்கும் நடுவில் பச்சைத் துணி தொங்கியது. துணிக்கு அந்தப் பக்கம் விளக்கு, கருவிகள், டாக்டரின் குனிந்த தலை. இந்தப் பக்கம் ராஜாவின் வியர்த்த முகமும் அவளும்.

"நீ திருநெல்வேலியா? சொல்லுதேன், சொல்லுதாங்கன்ற."

"அப்பாவோட தாத்தா நாசரேத்காரரு, திருநெல்வேலிப் பக்கந்தான். நான் அந்த ஊரப் பாத்ததே இல்லண்ணே."

"நானும் பாத்ததில்ல" என்றான். பிறகு, "வெரலப் பத்திக் கேட்டியா?"

"கேட்டேன். வேணும்னா உங்ககிட்டயே கொடுத்துருவாங்க, புதைச்சிக்கலாம். இல்லன்னா இங்கயே எரிச்சிருவாங்க."

"இங்கயே எரிக்கட்டும். அத எடுத்துக்கினு ரூமுக்குப் போனா பசங்க பயப்படுவானுங்க." கண்ணைத் துணியின் பக்கம் திருப்பினான். "இப்ப என்னா செய்யறாங்க? பாத்துச் சொல்லு. இருக்கறத சொல்லு."

அலினா டாக்டரைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை; வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நுனிக்காலில் எம்பித் துணிக்கு மேலாகப் பார்த்தாள். "தோலை ஒதுக்குதாங்க. எலும்பு கொஞ்சம் நீட்டிட்டு இருக்கு, அத வெட்டுதாங்க... வெட்டிட்டாங்க. இப்ப நரம்பப் பிடிச்சு இழுக்காங்க. வெள்ளையா, நூல் மாதிரி இருக்கு. அது நுனியக் கத்தரிச்சு..."

"போதும்மா, போதும்" என்றான் ராஜா. "இவ்ளோ விவரமா வாணாம்."

அவள் குதிகாலைத் தரையில் இறக்கினாள். கால் விண்விண்ணென்று தெறித்தது. துணிக்கு அந்தப் பக்கம் கத்தரிக்கோல் தட்டில் விழும் சத்தம் கேட்டது. டாக்டர் நர்ஸிடம் நூல் கேட்டார். ராஜா கண்ணை மூடியிருந்தான்; ஆனால் அவனுடைய வலது கை துணிக்கடியிலிருந்து வெளியே வந்து கட்டிலின் விளிம்பைத் தேடிக்கொண்டிருந்தது. அலினா தன் கையைக் கொடுத்தாள். ஐந்து விரல்களாலும் அவன் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.