குழந்தையைக் கொடுத்தவள்

பட்டாணி "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடிய ஓட்டத்தில், பகல்நேரக் காப்பகத்தில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளில் பாதி எழுந்து உட்கார்ந்துவிட்டன. பாய்களைத் தாண்டி, நடுவில் படுத்திருந்தவன் வயிற்றை ஒரு மிதி மிதித்து, கதவருகே நின்ற ஆளின் காலைப் போய்க் கட்டிக்கொண்டாள். அவர் குனிந்து அள்ளித் தூக்கினார். துணி மடித்துக்கொண்டிருந்த புது அக்கா எழுந்து போனாள். யார் என்று கேட்கவே வேண்டியதில்லை. விடைத்த காது, குழி விழுந்த மோவாய், சிரித்தால் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும் வாய், எல்லாம் அச்சு அசல் பட்டாணிதான். இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வருகிறவரிடம் போய் நீங்கள் யார் என்றா கேட்பது?

"கொஞ்சம் சீக்கிரமா கூட்டிட்டுப் போறேங்க," என்றார். மரியாதையான ஆள். தோளில் பெரிய பை ஒன்று தொங்கியது. முகம் சவரம் பார்த்துச் சில நாள் இருக்கும்.

"தாராளமா சார். பால் மட்டும் இன்னும் குடிக்கல. ஒரு நிமிஷம் இருந்தீங்கன்னா..."

"வேணாங்க, வழியில வாங்கிக் குடுத்துக்கறேன்." கொஞ்சம் தயங்கினார். "தூங்கும்போது கையில ஒரு துணி வச்சுக்குவாளே, நீலத் துணி. அதை மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க."

புது அக்கா உருகிப்போனாள். தன் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்றே தெரியாத அப்பன்கள் நிறைந்த உலகத்தில் இப்படியும் ஒரு மனுஷனா! தலையணைக்கு அடியில் தேடி, அந்த நைந்த துணியை எடுத்து, அழகாக மடித்து, அவர் பையில் தானே வைத்தாள். குழந்தையின் செருப்புப் பட்டையையும் தானே மாட்டிவிட்டாள். "அப்பா, ரயிலுப் பாலத்துக்குப் போலாம்பா, புது அக்கா சொன்னாங்களே, அந்தப் பாலம்," என்று அவர் காதைத் திருகிக்கொண்டே போனாள் பட்டாணி. தெருமுனை திரும்பும்வரை புது அக்கா கையாட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் அந்தக் காப்பகத்துக்கு மட்டும் புதிதில்லை, ஊருக்கே புதிது. புருஷன் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனி இந்த ஊருக்கு மாற்றியதும் பின்னாலேயே வந்தவள். வந்த புதிதில் அவள் பட்ட பயம் இருக்கிறதே, அதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிக்னலில் பச்சை விழுந்து சிவப்பு விழுந்து மறுபடி பச்சை விழும், இவள் நின்ற இடத்திலேயே நிற்பாள். ஒருமுறை காய்கறி வாங்கப் போய்த் திரும்பும் வழி தெரியாமல் புருஷனுக்குப் போன் போட்டு அழுதாள். "பக்கத்துல என்ன இருக்கு?" என்றான் அவன். "கட்டடம்." "என்ன கட்டடம்டி?" "பெரிய கட்டடம்." அவன் வேலை பார்க்கும் இடத்தில் எல்லோருக்கும் இந்தக் கதை மனப்பாடம்.

அப்புறம்தான் அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைக் கூட்டிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தான். அவனுக்கு ஊர் தெரிந்ததே லிஃப்ட் கணக்கில்தான். எந்தக் கட்டடத்து மாடியில் ஏறினால் ஆறு தெரியும், எந்தப் பூங்காவுக்குப் பின்பக்கக் கதவு உண்டு என்று எல்லாம் தெரிந்து வைத்திருந்தான். சும்மா சொல்லக்கூடாது, ஊர் அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துப்போனது. ஒரு கடையில் சுவர் முழுக்கக் கண்ணாடி, கண்ணாடி முழுக்க மீன். ரயில்வே ஸ்டேஷனுக்கு மேலே ஆள் நடக்கும் பாலம். காலுக்கடியில் ரயில் போகும்போது உடம்பெல்லாம் கூசும். பார்த்ததையெல்லாம் திங்கட்கிழமை குழந்தைகளுக்குச் சொல்லுவாள். "நேத்து எங்கக்கா போனீங்க?" என்று வட்டமாக உட்கார்ந்துகொள்ளும் அந்தக் கூட்டத்தில் பட்டாணிதான் முதல் வரிசை. பாலத்துக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டாள்.

இதற்கு முன் வேலை பார்த்த சின்ன ஊரில் சாயங்காலமானால் ஒரு தெருவுக்கு ஒருத்தர் வந்து அந்தத் தெருப் பிள்ளைகளை மொத்தமாக ஓட்டிக்கொண்டு போவார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்டதில்லை. இங்கே சேர்ந்த அன்றைக்கே காப்பகத்தை நடத்தும் பெரியக்கா சொல்லிவிட்டார்: "தெரியாதவங்க யார் வந்து நின்னாலும் குழந்தையைக் குடுத்துடாத." சரிக்கா என்று தலையாட்டினாள். அப்பா எப்படித் தெரியாதவராவார்?

பெரியக்கா அன்றைக்குப் பல் பிடுங்கப் போயிருந்தார். ஒரு கன்னம் வீங்கி, வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு திரும்பி வந்தவர், பால் குடிக்கும் குழந்தைகளை ஒரு பார்வை பார்த்தார். பட்டாணியின் டம்ளர் மட்டும் நிறைந்து இருந்தது.

"இவ எங்க?"

"அவங்க அப்பா வந்து கூட்டிட்டுப் போனாருக்கா."

பெரியக்கா பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். உதட்டோரம் ரத்தம் கசிந்தது. "யாரைக் கேட்டுக் குடுத்த?" என்றார். அந்தக் குரலைக் கேட்டதுமே புது அக்கா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

விஷயம் இதுதான். புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்து கொஞ்ச காலமாகிறது. "உன் கண்ணுல படாத ஊருக்குப் பிள்ளையைக் கொண்டுபோயிடுவேன்" என்று அவர் சொல்லியிருக்கிறார். அப்பா வந்தால் கொடுக்க வேண்டாம் என்று பட்டாணி அம்மா பெரியக்காவிடம் தனியாகச் சொல்லி, நாலு பேர் வாயில் விழ வேண்டாம், வேலை செய்கிறவர்களுக்குக்கூடத் தெரிய வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். பெரியக்காவும் வாக்கைக் காப்பாற்றினார். ஒரு குடும்பத்தின் மானத்தை எல்லோருமாகச் சேர்ந்து பொத்திப் பொத்தி வைத்ததில், குழந்தையைப் பொத்தி வைக்க ஆளில்லாமல் போய்விட்டது.

பட்டாணி அம்மா மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். கடையில் போடும் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். கத்துவாள், நாலு அறை விடுவாள் என்று புது அக்கா எதிர்பார்த்தாள். வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றாள். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"என்ன கொண்டு போனாருக்கா?"

"ஒரு பெரிய பை வச்சிருந்தாரு. அப்புறம்... பாப்பா தூங்குற அந்த நீலத் துணியைக் கேட்டாரு. நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

பட்டாணி அம்மா குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தாள். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்தன. "அது இல்லாம அவ தூங்கமாட்டா," என்றாள். "அப்போ திரும்பக் கொண்டு வரமாட்டாரு."

அடிப்பாவி, அது ஏன் உனக்குத் தோன்றவில்லை என்று புது அக்கா தன்னையே கேட்டுக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் கொண்டுவந்து விடுகிறவனுக்கு ராத்திரித் துணி எதற்கு? அழகாக மடித்து வேறு வைத்தாளே, அந்தக் கையை என்ன செய்தால் தகும்? அவர் போன் அணைந்திருந்தது. போலீசுக்குப் போகலாம் என்று பெரியக்கா கைப்பையை எடுத்தார். அப்போதுதான் புது அக்காவுக்குப் பட்டாணி கடைசியாகச் சொன்னது காதில் விழுந்தது போலிருந்தது.

"பாலத்துக்குப் போகணும்னு சொன்னா. ரயில் பாலம். அவருக்கும் ஊரை விட்டுப் போகணும்னா ஸ்டேஷன்தானே? நீங்க போலீஸ் ஸ்டேஷன் போய்ட்டு அவங்களையும் கூட்டிட்டு அங்க வாங்க. நான் முன்னாடி ஓடறேன்."

சமையல்காரம்மாவிடம் குழந்தைகளை விட்டுவிட்டு ஓடினாள். சிக்னலுக்கு நிற்கவில்லை. ஒரு கார்க்காரன் பிரேக்கை மிதித்து அவள் குடும்பத்தையே திட்டினான். பூங்காவின் பின்பக்கக் கதவு வழியாகக் குறுக்கே ஓடினால் பாதி தூரம் மிச்சம், இது புருஷன் காட்டிக்கொடுத்த வழி. போன வாரம் இதே பெஞ்சில் உட்கார்ந்து ஊர் எவ்வளவு நல்லாயிருக்கு என்று அவனிடம் சொன்னாள். இன்று அந்தப் பெஞ்சில் யாரோ ஒருவர் மடியில் குழந்தை. கிட்டே போய்ப் பார்த்தால் வேறு யாரோ. மீன் கடைக் கண்ணாடிக்கு முன்னால் குழந்தைகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டு ஒரு கூட்டம் அப்பாக்கள். அத்தனை பேர் தோளையும் எட்டிப் பார்த்தாள். ஊரில் இத்தனை ஆம்பளைகள் இத்தனை பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள் என்று இதற்குமுன் அவளுக்குத் தெரியாது. ஒருத்தர் சிரித்துக்கொண்டே ஒரு பிள்ளையைக் கொண்டுபோனால், யாருக்குத்தான் என்ன சந்தேகம் வரும்? கடவுளே, நான் பாலத்துக் கதையைச் சொல்லாமல் இருந்திருந்தால் எங்கே தேடுவது என்றும் தெரிந்திருக்காது. பாலத்தில் இல்லையென்றால்?

பாலத்தின் மேல் வேலை முடிந்து போகிறவர்களின் நெரிசல். பட்டாணி போட்டிருந்ததைப் போலவே மஞ்சள் கவுன் ஒன்று தெரிந்ததும் பாய்ந்து போய்த் தோளைப் பிடித்தாள். "என்னம்மா, கண்ணு தெரியலையா?" என்று அந்தப் பிள்ளையின் அப்பா சீறினார். மன்னிப்புக் கேட்கக்கூட மூச்சு இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தபோது, பாலத்தின் நடுவே கம்பி வலையை ஒட்டி அந்த விடைத்த காதுகள் தெரிந்தன. பெரிய காதும் சின்னக் காதும்.

"புது அக்கா!" பட்டாணிக்குத் தலைகால் புரியவில்லை. "நீங்க சொன்ன மாதிரியேதான் இருக்கு! காலு கூசுது!"

உயிர் போய் உயிர் வந்தது. வந்த உயிர் அவர் முகத்தைப் பார்த்ததும் மறுபடி பாதி போய்விட்டது. அழுது முடித்த கண்ணாக இருந்தது. குழந்தையைப் பிடித்திருந்த கை இறுகியது.

"அவ அனுப்பினாளா?"

"நானா வந்தேன் சார்."

"அவ என்ன சொன்னாளோ, அதையெல்லாம் நம்பாதீங்க. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"ஒண்ணுமே தெரியாது சார். யார் மேல தப்புன்னும் தெரியாது. ஆனா குடுத்தது நான். திருப்பி வாங்க வேண்டியதும் நான்தான்."

"என் புள்ள இவ."

"ஆமா சார்," என்றாள். இல்லையென்று யாரால் சொல்ல முடியும்?

கீழே ஒரு ரயில் மெதுவாக வந்து நின்றது. ஒலிபெருக்கி அதன் பெயரைச் சொன்னதும் அவர் பார்வை படிக்கட்டுக்குப் போய் வந்தது. இதுதான் அவர் ரயில் என்று புது அக்காவுக்குப் புரிந்துவிட்டது. கத்தலாம். பிள்ளை பிடிக்கிறவன் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் கூட்டம் முதலில் கையை வைத்துவிட்டுத்தான் கேள்வி கேட்கும். அப்பன் அடிபடுவதை இந்தக் குழந்தை பார்க்க வேண்டும். பிடித்து இழுக்கலாம். அவர் ஒரு தள்ளு தள்ளினால் இவள் எங்கே போய் விழுவாள் என்று அவளுக்கே தெரியும். அவர் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "வா கண்ணு, ரயில்ல ஏறிப் பாக்கலாம்."

"பட்டாணி," என்றாள் புது அக்கா. காப்பகத்தில் பேசும் அதே குரல் எப்படி வந்ததென்று தெரியவில்லை. "இந்த ரயிலுக்கு எத்தனை பெட்டி? எண்ணிச் சொல்லு பாக்கலாம்."

பட்டாணி இரண்டு கையாலும் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டாள். "இருப்பா! எண்ணணும்!"

"கண்ணு, ரயில் போயிடும்."

"எண்ணிட்டுத்தான்!"

அந்தக் குட்டி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தால் போய்விடலாம். அவர் கை நீண்டது, ஒரு விரலைத் தொட்டது, பிரிக்காமல் அதன் மேலேயே நின்றுவிட்டது. பட்டாணி உரக்க எண்ணினாள். பன்னிரண்டுவரை ஒழுங்காகப் போனது. "பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, பதினாறு..."

"பதினாறா? தப்பாச்சே," என்றாள் புது அக்கா. "பன்னெண்டுக்கு அப்புறம் என்ன? முதல்லேருந்து எண்ணு."

அவர் அவளைப் பார்த்தார். இவள் என்ன செய்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "வேணாங்க," என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. மிரட்டலா கெஞ்சலா என்று சொல்ல முடியாத குரல். பாலத்தின் கடைசிப் படியில் ஒரு வெள்ளைக் கோட்டு ஏறி வருவது புது அக்காவுக்குத் தெரிந்தது. பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். பட்டாணி அம்மா எதிரே வரும் ஒவ்வொரு ஆளையும் நிறுத்தி நிறுத்தி முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். இன்னும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. கையைத் தூக்கிக் காட்டினால் இவர் பார்த்துவிடுவார்.

"எங்கேருந்துக்கா எண்ணணும்?"

"என்ஜினை விட்டுடு. அதுக்கு அடுத்ததுலேருந்து. அவசரம் வேணாம், மெதுவா."

கீழே விசில் ஊதியது. பட்டாணி வலையில் மூக்கை அழுத்திக்கொண்டு, அப்பாவின் விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முதல் பெட்டியைத் தேடினாள். அவர் பையை இன்னும் கீழே வைக்கவில்லை.

"ஒண்ணு," என்றாள் பட்டாணி. அவர் உதடும் அசைந்தது.