ஐந்தடி நெருப்பு

டப்பென்று ஒரு சத்தம். ஹாலில் மின்விசிறி நின்றது. சமையலறையில் ரைஸ் குக்கரின் விளக்கு அணைந்தது. சுவர் வேலைக்காக வந்து, கையில் டிரில்லுடன் ஏணியில் நின்ற தங்கராஜு, "ஒண்ணுமில்ல, ட்ரிப் ஆயிருச்சு" என்றபடி இறங்கினார்.

சனிக்கிழமை காலை பதினொரு மணி. வீட்டில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் கவிப்ரியாவின் கண் நேராக ஓரிடத்துக்குத்தான் போனது. சுவரில் மாட்டியிருந்த படத்தின் கீழே, எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சின்ன சிவப்பு பல்பு அணைந்திருந்தது.

அறைக்கதவு திறந்தது. ரக்ஷனா வந்து நின்றாள். பதினைந்து வயது. அவளும் முதலில் பல்பைப் பார்த்தாள். பிறகு கவிப்ரியாவைப் பார்த்தாள்.

"யாரு ஆஃப் பண்ணினது?"

யாரும் அணைக்கவில்லை என்று தங்கராஜுதான் விளக்க வேண்டியிருந்தது. சுவர் எப்படிப்பட்டது என்று பார்க்க ஒரு சிறு துளை போட்டார். உள்ளே பல்புக்கு ஓடிய வயர் அறுந்துவிட்டது. வாசல் பக்கப் பெட்டியில் சுவிட்சைத் தூக்கிவிட்டதும் விசிறி சுற்றியது, குக்கரின் விளக்கு எரிந்தது. சிவப்பு பல்பு மட்டும் வரவில்லை.

படத்தில் இருந்தவள் ரோஷினி. ரமணனின் முதல் மனைவி, ரக்ஷனாவின் அம்மா. ஆறு வருடங்களுக்கு முன் நோயில் இறந்துபோனவள். பச்சைப் பட்டு, சந்தன மாலை, யாரோ கூப்பிட்டுத் திரும்பியது போல ஒரு சிரிப்பு.

கவிப்ரியா ரமணனை மணந்து, சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் பூன் லேயில் இருந்த தன் அம்மா வீட்டிலிருந்து புக்கிட் மேராவின் இந்த நாலறை வீட்டுக்கு வந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. இதுவரை ஒரு நாள்கூட அந்தச் சுவரைப் பார்த்த சோபாவில் அவள் நிம்மதியாகச் சாய்ந்ததில்லை. டீ குடிப்பதும் போன் பார்ப்பதும் சாப்பாட்டு மேசையில்தான். இந்தப் பதினான்கு மாதங்களில் பல்பு இரண்டு தடவை ஃப்யூஸ் ஆனது. இரண்டு தடவையும் மற்ற இருவரும் வீடு திரும்புவதற்குள் அவளே ஓடிப் போய் வாங்கி வந்து மாட்டினாள். பக்தியால் அல்ல, பயத்தால். இவள் வந்த பிறகுதான் விளக்கு அணைந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

படத்தை எடுத்துவிடலாமா என்று கேட்க வாய் வரவில்லை. அந்த நேரத்தில்தான் ரமணன் ஒரு நாள் வேலையிடத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் நீளவாக்கில் பதித்த மின்சார ஃபயர்பிளேஸ். நிஜ நெருப்பு இல்லை, புகை இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் தணல் போலச் சிவந்து ஆடும் வெளிச்சம். நம் ஹாலுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தான். கவிப்ரியா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஐந்தடி நீள நெருப்பு ஒன்று வந்தால் சுவர் முழுக்க அதற்கே வேண்டும். யாரும் யாரையும் எதுவும் கேட்காமலே படம் இறங்கிவிடும்.

தங்கராஜு டேப்பை இழுத்து அளந்தார். இருக்கும் சுவருக்கு முன்னால் பத்து அங்குலம் தள்ளிப் பலகையால் இன்னொரு சுவர் எழுப்பி, அதன் நடுவில் பெட்டியைப் பதிக்க வேண்டும் என்றார். எதிர்ப்பக்கம் முழுக்க ஜன்னல். பக்கத்துச் சுவர், அரசு விதிப்படி வீட்டுக்குள்ளேயே கட்டிய குண்டுத் தடுப்பு அறையுடையது, அதில் இஷ்டத்துக்குக் கை வைக்க முடியாது. ஆக, இந்த ஒரு சுவர்தான். பேசிக்கொண்டே வந்தவர் படத்துக்கு நேரே வந்ததும் நிறுத்தினார்.

"இது எங்க போகுதுன்னு சொல்லிட்டீங்கன்னா, பல்புக்கு அங்க வயர் இழுத்துருவேன்."

கவிப்ரியா ரமணனைப் பார்த்தாள். அவன் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"கவி சொல்றபடி செஞ்சிருங்கண்ணே."

இதே பதில்தான் எப்போதும். திரைச்சீலை நிறம், சோபாத் துணி, மீன் குழம்பா கோழியா, எல்லாவற்றுக்கும் கவி சொல்வதுதான். நல்ல மனிதன் என்று பூன் லே உறவினர்கள் பாராட்டினார்கள். அன்று காலை அந்த நல்ல குணம் அவளைத் தனியாக நடுத்தெருவில் நிறுத்தியது போலிருந்தது. கடையில் மாடலைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று சொல்லித் தப்பித்தாள். ரக்ஷனா, தானும் கடைக்கு வருவதாகச் சொன்னாள். அவர்களோடு வெளியே வந்து பல மாதங்களாகிவிட்ட பெண்.

ஊபி பக்கம் ஒரு பெரிய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது ஷோரூம். ரியாஸ் என்ற விற்பனையாளர் சிரித்த முகத்தோடு வரவேற்றார். நீள நீளமான கண்ணாடிப் பெட்டிகளில் நெருப்புகள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. சிலவற்றில் கரித்துண்டுகள், சிலவற்றில் பளிங்குக் கற்கள். ரமணன் ஒரு ரிமோட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றான். ஆரஞ்சு, நீலம், மறுபடி ஆரஞ்சு.

கேள்வி கேட்டதெல்லாம் ரக்ஷனாதான். ஆழம் எவ்வளவு, சத்தம் வருமா, கண்ணாடி சுடுமா. கவிப்ரியாவுக்கு முதலில் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு அந்தப் பெண் போனில் குறித்து வைத்திருந்த ஓர் அளவைப் படித்தாள்.

"இதுக்கு மேல ஒரு போட்டோ மாட்டலாமா? ரெண்டடிக்கு ஒன்றரையடி."

"தாராளமா மாட்டலாம் லா. ஃப்ளேம் மட்டும் ஓடினா சூடே வராது. இங்க எல்லாரும் அப்படித்தான் யூஸ் பண்றாங்க."

கவிப்ரியாவுக்கு அந்தச் சுவர் கண்ணில் தெரிந்தது. கீழே ஐந்தடி நெருப்பு. அதற்கு மேலே, இன்னும் எடுப்பாக, இன்னும் வெளிச்சமாக, அந்தப் பச்சைப் பட்டும் திரும்பிய சிரிப்பும். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அங்கேதான் பார்ப்பார்கள். தன் கையாலேயே ஒரு மேடை கட்டிக் கொடுக்கப் போகிறாள்.

"ஹீட்டர் உள்ள மாடல் எது?" என்றாள்.

ரியாஸ் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அக்கா, வெளிய முப்பத்திமூணு டிகிரி. ஹீட்டரயும் போட்டு, அது சூட்டுக்கு ஏர்கானயும் போடுவீங்களா?"

அவள் சிரிக்கவில்லை. சூடு எந்தப் பக்கம் வரும் என்று கேட்டாள். பெரும்பாலும் மேலே உள்ள இடுக்கு வழியாக வரும் என்றார். அப்படியானால் மேலே எதையாவது மாட்டலாமா என்று கேட்டாள். ரியாஸின் சிரிப்பு குறைந்தது. சூடு தாங்காத எதையும் மாட்டாமல் இருப்பது நல்லது, சட்டம் போட்ட படமெல்லாம் வேண்டாம் என்றார்.

"எனக்கு ஹீட்டரோடதான் வேணும்."

நெருப்புகள் சத்தமில்லாமல் ஆடின. ரக்ஷனா போனை மெதுவாகப் பைக்குள் வைத்தாள்.

"ஹீட்டர் போட்டா மேல அம்மா இருக்க முடியாது. அதானே ஆன்ட்டி?"

குரலில் கோபம்கூட இல்லை. ரியாஸ் விலைப்பட்டியல் எடுத்து வருவதாகச் சொல்லி நகர்ந்தார். ரமணனுக்கு அது கேட்காமல் இருக்க வழியில்லை, பத்தடிதான் தூரம். அவன் திரும்பவில்லை. ரிமோட்டை அழுத்தினான். நீலம். ஆரஞ்சு. ரக்ஷனா அப்பாவின் முதுகைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, டியூஷனுக்கு நேரமாகிவிட்டது என்று லிஃப்டை நோக்கி நடந்தாள்.

ஆர்டர் கொடுக்காமலே வெளியே வந்தார்கள். ரயிலில் கவிப்ரியா ஒன்றே ஒன்று சொன்னாள், லிட்டில் இந்தியாவில் ஒரு பல்பு வாங்க வேண்டும். ஜாலான் புசாரில் இறங்கி வெயிலில் நடந்தார்கள். கேம்பல் லேனில் சனிக்கிழமைக் கூட்டம். பூக்கட்டும் பெண்களையும் எவர்சில்வர் குடங்களையும் தாண்டி, பூஜைச் சாமான் கடைக்குள் அவள் நுழைந்தாள். ரமணன் பின்னாலேயே வந்தான்.

கடைக்காரர் அவளைக் கண்டதும் டப்பாவைத் திறந்துவிட்டார்.

"அதே சின்ன சிவப்புத்தானேம்மா?"

ரமணன் நிமிர்ந்தான். "நீயா மாத்துற?"

இரண்டு தடவையும் தான்தான் என்றாள். அவன் ரக்ஷனா மாற்றுவதாக நினைத்திருந்தானாம். அதைச் சொன்னபோது முகம் தொங்கிப்போயிற்று. நன்றி சொல்வான் என்று எதிர்பார்த்தவளுக்கு அந்த முகம் புரியவில்லை. எதையோ கையும் களவுமாகப் பிடித்ததுபோல அவளைப் பார்த்தான்.

அவள் பல்பை வாங்கிக்கொண்டு கடைவாசலுக்கு அவனை அழைத்து வந்தாள். மனதுக்குள் ஒரு கணக்கு தானாக ஓடியது. அந்த ஃபயர்பிளேஸ் படத்தை முதலில் அனுப்பியது இவன். தங்கராஜுவை வரச் சொன்னது இவன். கவி சொல்றபடி செய்யுங்கள் என்றதும் இவன்.

"ரக்ஷனா என்னப் பிசாசு மாதிரி பாத்துட்டுப் போறா. நீங்க ரிமோட்ட அமுக்கிட்டு நிக்கிறீங்க. இப்ப ஒரு தடவ நீங்க சொல்லுங்க, அந்தப் போட்டோ எங்க இருக்கணும்?"

அவன் பல்புப் பொட்டலத்தை அவள் கையிலிருந்து வாங்கினான். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கூட்டம் இருவரையும் இடித்துக்கொண்டு போனது.

"என்னால அத எறக்க முடியல. நீ வந்தா நீயே எறக்கிருவன்னு நெனச்சுத்தான், கவி, நான் இந்தக் கல்யாணத்துக்கே சரின்னு சொன்னேன்."