கோள்மூட்டி

அம்மாவின் துடிப்பு நூற்று இருபத்தெட்டைத் தொட்டபோது நான் விடுதியின் சலவைக்கூடத்தில் ஈர விரிப்பொன்றை இஸ்திரி உருளைக்குள் கொடுத்துக்கொண்டிருந்தேன். இதய அறுவை முடிந்து வீடு திரும்பிய அம்மாவின் மணிக்கட்டில் ஆஸ்பத்திரியில் ஒரு பட்டை கட்டிவிட்டிருந்தார்கள். அவள் துடிப்பை அது நர்ஸுக்கும் எனக்கும் அனுப்பும். கடல் தாண்டி இருந்தாலும், வீட்டில் ஆப்பெல்லாம் தெரிந்தவன் நான்தான் என்று என் எண்ணைக் கொடுத்திருந்தார்கள். துடிப்பு நூற்றுப் பத்துக்கு மேல் போகக்கூடாது, நெஞ்செலும்பு கூடும்வரை கனமாக எதையும் தூக்கக்கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அம்மா பட்டைக்குக் கோள்மூட்டி என்று பெயர் வைத்திருந்தாள்.

கையுறையைக் கழற்ற நேரமில்லை. குடும்ப வாட்ஸப் குழுவைத் திறக்கச் சொல்லிப் போனிடம் கத்தினேன். "அம்மா என்ன பண்றாங்க, அண்ணி எங்க, வீட்டுல யாரும் பாக்குறதில்லையா?" நான் பதறித்தான் கேட்டேன். போன் அந்தப் பதற்றத்தை விட்டுவிட்டு வார்த்தைகளை மட்டும் எழுதி அனுப்பியது. படித்துப் பார்த்தால் அதட்டலாக இருந்தது.

அண்ணியிடமிருந்து ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது. அண்ணன் குரலிலேயே பதில் அனுப்பினான். "ஏசியில உக்காந்துக்கிட்டு ஆர்டர் போடுறது ரொம்ப சுலபம்டா தம்பி. ஒருநாள் வந்து பாரு, தெரியும்." உருளையின் வெக்கையில் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அதற்குப் பிறகு போனில் அம்மாவின் துடிப்புக் கோடு அழகாகிவிட்டது. காலை நடையில் மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். நடுவில் அங்கங்கே வெறுமையாக இருக்கும். சார்ஜ் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு அதட்டலில் வீடே திருந்திவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு மிதப்பு. அதனால்தான் நர்ஸ் கூப்பிட்டு, "நடுவுல கோடு விட்டு விட்டு வருதே, ஏன்?" என்று கேட்டபோது, யாரையும் விசாரிக்காமல் "சார்ஜ் போடுறாங்க மேடம்" என்றேன்.

"அப்ப சரி. அம்மா நல்லாத் தேறிட்டாங்க. அடுத்த வாரம் படியேற ஆரம்பிக்கலாம். ஒரு மாத்திரையையும் பாதியாக் குறைக்கலாம்னு டாக்டர் சொல்றார்."

சந்தோஷத்தில் அப்படியே குழுவில் பேசிப் போட்டேன். அண்ணன் கைதட்டினான். அம்மா ஒரு பூ அனுப்பினாள். அண்ணி எதுவும் போடவில்லை.

மறுநாள் அண்ணி என்னைத் தனியாக அழைத்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் அப்படிச் செய்ததே இல்லை. நான் முதலில் அம்மாவுக்குத்தான் ஏதோ என்று பயந்துவிட்டேன்.

"பயப்படாதீங்க தம்பி, அத்தை தூங்குறாங்க. இப்ப நான் சொல்றது என் வாயிலேர்ந்து வரலைன்னு வெச்சுக்கோங்க."

"சொல்லுங்க அண்ணி."

"நான் வேலைக்குக் கிளம்பினதும் பட்டையக் கழட்டி அலமாரி மேல வெச்சிடுறாங்க. அப்புறம் ஈரத்துணி வாளியத் தூக்கிக்கிட்டு மாடி ஏறுறாங்க. டிபன் பாக்ஸ எடுக்கத் திரும்பி வந்தப்ப நேர்லயே பாத்தேன். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் அம்மாவின் கோட்டைத் திறந்தேன்.

"உங்க கண்ணுக்கு நான் கெட்டவளாவே இருந்துட்டுப் போறேன், பரவாயில்ல. ஆனா மாத்திரையக் குறைக்கப்போறாங்களே தம்பி. அந்தக் கோட்டை நம்பித்தானே குறைக்கிறாங்க?"

போனை வைத்த பிறகும் அந்த அழகான கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வேலை செய்த நேரமெல்லாம் அதன் வெறுமைகளுக்குள் கிடந்தது. அவளை அங்கே ஒளிய வைத்தது நான்தான்.

அம்மா எழுந்திருக்கும் நேரம் பார்த்து வீடியோவில் அழைத்தேன்.

"பட்டை எங்கம்மா?"

"கையிலதான்டா இருக்கு."

"கையக் காட்டு."

திரையில் வெறும் கூரை தெரிந்தது. போனைக் கட்டிலில் மல்லாக்க வைத்திருக்க வேண்டும்.

"யாரு சொன்னா? அவளா?"

"கோட்டைப் பாத்தாலே தெரியுதும்மா." பொய்தான். "எதுக்கும்மா இப்படி? நெஞ்ச அறுத்துத் தச்சிருக்காங்க, ஞாபகம் இருக்கா?"

"என் நெஞ்சு, எனக்கு ஞாபகம் இல்லாம உனக்கா இருக்கும்?" சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "நீ ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போன வெச்சிடுற. அது இங்க நாலு நாளைக்குக் கெடக்குது. அண்ணன் அவளைப் பாக்குறான், அவ என்னைப் பாக்குறா. அவளும் பாவம், நாளெல்லாம் நின்னு வேலை பாத்துட்டு வர்றவ. இந்த வீட்ல இருக்கப்போறது நான்தானே? உக்காந்தே சாப்பிட்டா உடம்பு மட்டுமாடா ஊதும்? பேச்சும் ஊதும்."

அனுப்பும் பணத்தைக் கூட்டி ஆள் வைக்கச் சொல்லலாம். அதுவும் அந்த வீட்டில் இன்னொரு நாலு நாள் கிடக்கும்.

"சரி, பட்டையக் கட்டிக்கோ. என்ன வேணா செய். ஆனா கழட்டாம செய். நான் வாயே திறக்கமாட்டேன்."

"ஒரு வார்த்தை?"

"அரை வார்த்தைகூட."

"உன் வாயாச்சே," என்றாள். சரி என்று மட்டும் சொல்லவில்லை.

நர்ஸிடம் உண்மையைச் சொன்னேன். சார்ஜ் என்றது விசாரிக்காமல் சொன்னது என்றும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன்; அவர் திட்டவில்லை. "மாத்திரை அப்படியே இருக்கட்டும். படி வேண்டாம். வாளி தூக்கக்கூடாதுன்னு அவங்ககிட்ட நானே பேசுறேன். ரொம்ப ஏறினா நாங்க கூப்பிடுவோம். நீங்க மட்டும் மிரட்டாதீங்க. மிரட்டினா மறுபடி கழட்டிடுவாங்க."

அடுத்த நாள் வேலைக்குக் கிளம்பிப் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். அங்கே அண்ணி வேலைக்குப் போயிருக்கும் நேரம். கோடு விடாமல் வந்துகொண்டிருந்தது. எண்பத்தெட்டு. தொண்ணூற்று ஆறு. நர்ஸ் பேசியிருப்பாரா? வாளியா, வெறும் துடைப்பமா? நூற்று நான்கு. குழுவைத் திறந்தேன், மூடினேன். நூற்றுப் பதிமூன்று.

பேருந்து வந்து நின்று கதவைத் திறந்தது. எனக்குப் பின்னால் நின்றவர்களெல்லாம் என்னைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். ஓட்டுநர் என்னைப் பார்த்து, ஏறுகிறாயா இல்லையா என்பதுபோல் கையை விரித்தார். நான் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு, அந்த எண் அடுத்து எந்தப் பக்கம் போகும் என்று பார்த்தபடி நின்றிருந்தேன்.