அரைவேட்டு

ஒசோரின் துப்பாக்கியைப் பார்த்தால் வெளியூர்க்காரனுக்குச் சிரிப்புதான் வரும். ஒல்லிக் குழல். ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. அதுவும் பட்டாணிப் பருமன்கூட இருக்காது. சுட்டால் காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு இருபத்தெட்டு வருஷமாக ஹர்புலாக் பள்ளத்தாக்கில் அவர் தர்வகா வேட்டையாடினார். தர்வகா அணில் ஜாதிதான், ஆனால் கொழுத்த நாய்க்குட்டி கனம் இருக்கும், மலைச்சரிவில் வளை தோண்டிக் குடியிருக்கும். மங்கோலியா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் தன்னைப்போல ஒரு வேட்டைக்காரன் அகப்படமாட்டான் என்று அவருக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்புதான் மனுஷனைக் கெடுத்தது.

சும்மா சொல்லக்கூடாது, கைக்காரர்தான். சின்னத் தோட்டாவுக்குத் தலைதான் இடம், தலையில் பட்டால் தர்வகா நின்ற இடத்திலேயே சுருண்டுவிடும், வேறு எங்கே பட்டாலும் தோட்டா உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், மிருகம் அதையும் சுமந்துகொண்டு ஓடிவிடும் என்பார். அதனால் அறுபது தப்படிக்கு மேலே அவர் சுடமாட்டார். வெள்ளைச் சட்டை, காது வைத்துத் தைத்த வெள்ளைக் குல்லாய், கையில் வெள்ளைக் கவரிமாட்டு வால். அதை ஆட்டி ஆட்டித் தவழ்ந்து போவார். இது என்னடா கூத்து என்று தர்வகா இரண்டு காலில் எழுந்து நின்று, வளையை மறந்து, விசிலடித்தபடி வேடிக்கை பார்க்கும். அறுபது தப்படிக்கு வந்ததும் சுள்ளி முறியும்.

தப்பித் தவறிக் காயம்பட்டு வளைக்குள் போய்விட்டால் தோண்டி எடுத்தே ஆகவேண்டும். விடிந்தாலும் சரி, கை தேய்ந்தாலும் சரி. காயத்தோடு விட்ட தர்வகா பேயாகிச் சுட்டவன் வாசலைத் தேடி வரும் என்று அந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு. பேயை நம்பாதவன்கூடத் தோண்டுவான். தோண்டாமல் வந்தவனுக்கு ஊரில் மரியாதை கிடையாது.

அப்படி ஒருமுறை வந்தவன் மிஜித். ஒசோருக்குப் பக்கத்துக் கூடாரக்காரன், பதினைந்து வயது இளையவன், தூரத்துச் சொந்தம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கம்பளி அடிக்கிற நாளில் பள்ளத்தாக்கே கூடியிருந்தபோது, ஒரு தர்வகா அடிபட்டுப் பாறைவளைக்குள் போய்விட்டது, தோண்ட முடியவில்லை என்று அவனே வெள்ளந்தியாகச் சொன்னான். ஒசோர் புளித்த குதிரைப்பால் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"எத்தனை தப்படிடா?"

"நூறு இருக்கும்ணே."

"நூறா? உங்கிட்ட இருக்கறது துப்பாக்கியா, பீரங்கியா? பாதி உசிர எடுத்துட்டு மீதிய வளையில விட்டுட்டு வந்திருக்கான் பாருங்கப்பா. அரைவேட்டு."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து அவன் அரைவேட்டு மிஜித். அவன் பெண்டாட்டி ஒல்சீயைக்கூட அரைவேட்டு வீட்டுக்காரி என்றார்கள். அடுத்த மாதமே அவன் துப்பாக்கியைக் கூட்டுப்பண்ணையில் ஒப்படைத்துவிட்டு, இனி ஆடு மேய்ப்பதோடு சரி என்று இருந்துவிட்டான். ஒசோரிடம் ஒரு முகச்சுளிப்பு உண்டா என்றால், அதுவும் இல்லை. அண்ணே அண்ணே என்றுதான் வந்து போனான். அவனுடைய பஸர் என்ற கறுப்பு நாய்கூட ஒசோரைக் கண்டால் வாலை ஆட்டிக்கொண்டு வரும். அது குட்டியாக இருந்தபோது எலும்பு போட்டவர் அவர்தான்.

இந்த வருஷம் புல் அறுக்கிற சமயம். ஒசோருக்கு முழங்கால் வலி. அன்றைக்கென்று கவரி வாலையும் வெள்ளைச் சட்டையையும் வீட்டிலேயே விட்டுவிட்டு, சும்மா ஒரு சுற்று போய்வரலாம் என்று வடக்குச் சரிவில் ஏறினார். எதிர்ச்சரிவில் ஒரு தர்வகா. கொழுப்பு மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது. இறங்கி ஏறித் தவழ்ந்து போக முழங்கால் இடம் கொடுக்கவில்லை. படுத்த இடத்திலிருந்தே குறி வைத்தார். தூரம் அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சுட்டார். என் கைக்கு இதெல்லாம் ஒரு தூரமா என்ற கொழுப்பு, வேறென்ன.

தோட்டா சதையில் விழுகிற சத்தம் கேட்டது. தர்வகா குட்டிக்கரணம் போட்டு, பின்னங்காலை இழுத்துக்கொண்டு வளைக்குள் போய்விட்டது. கத்தியால் பொழுது சாயும்வரை தோண்டினார். முழங்கை ஆழத்தில் பாறை. மண்வெட்டியும் கடப்பாரையும் இருந்தால் ஆகும். இரண்டும் புல்வெளி முகாமில் மிஜித்திடம் இருந்தன. மிஜித்திடம் போய்க் கேட்டால் எதற்கண்ணே என்பான். எதற்கென்று சொல்வது?

அவர் ஒரு கல்லை எடுத்து வளை வாயில் வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டார். ஏதாவது கிடைத்ததா என்று பெண்டாட்டி ஹாந்த் கேட்டதற்கு, ஒன்றும் கண்ணில் படவில்லை என்றார். உப்புப்போட்ட பால்தேநீரை அன்று அவர் பாதியிலேயே வைத்துவிட்டதை அவள் கவனித்தாள்.

மூன்றாம் நாள் மதியம், புல் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு தர்வகாவைப் பார்த்தார்கள். பட்டப்பகலில் ஆட்களுக்கு நடுவில் தள்ளாடி வருகிறது. விசில் இல்லை. பயம் இல்லை. பின்னங்கால் இழுக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் அதற்கு அர்த்தம் தெரியும். பிளேக். நோய்கண்ட தர்வகா அப்படித்தான் நடக்கும். அறுவாளைப் போட்டுவிட்டு எல்லோரும் நாலு பக்கமும் ஓடினார்கள். பஸர் மட்டும் பாய்ந்து, அதைக் கவ்விக் குதறி, வாலை ஆட்டிக்கொண்டு மிஜித் கூடாரத்து வாசலில் கொண்டுபோய்ப் போட்டது. வந்ததுதான் வந்தது, வாசல் மாறி வந்தது.

மிஜித் செய்ததெல்லாம் சரியாகச் செய்தான். ஒல்சீயையும் கைக்குழந்தையையும் உள்ளேயே இருக்கச் சொன்னான், யாரையும் கிட்டே விடவில்லை, தூரத்தில் நின்றவனைக் கூப்பிட்டுக் குதிரையில் ஆள் அனுப்பச் சொன்னான். சாயங்காலம் டாக்டர் செவெல்மா ஜீப்பில் வந்தாள். கண்மட்டும் தெரிகிற வெள்ளை உடுப்பு. மிஜித் கூடாரத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். பள்ளத்தாக்கு வாயிலும் கயிறு. நாய் கடித்துக் கந்தலாக்கிய தர்வகாவை இடுக்கியால் எடுத்துத் தகரப்பெட்டியில் போட்டு மூடினார்கள். அந்தக் கந்தலில் பட்டாணிகூட நுழையாத ஒரு ஓட்டையை யார் பார்க்கப்போகிறார்கள்? பெட்டி மாகாணத் தலைநகர் பரிசோதனைக்கூடத்துக்குப் போனது. முடிவு வர இரண்டு நாள் ஆகும் என்றாள்.

பின்னங்கால் இழுத்தது என்று சொன்னபோதே ஒசோருக்குப் புரிந்துவிட்டது. வடக்குச் சரிவுக்குப் போய்ப் பார்த்தார். வைத்த கல் உருண்டு கிடந்தது. வளை வாயில் காய்ந்த ரத்தம். திரும்பி வரும்போது எல்லாம் சொல்லிவிடவேண்டும் என்றுதான் வந்தார், அது சத்தியம். கூட்டத்தைப் பார்த்ததும் ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டார். யார் யார் அன்று அவர் பேச்சுக்குச் சிரித்தார்களோ அத்தனை பேரும் அங்கே நின்றார்கள். ரெண்டு நாளில் பிளேக் இல்லையென்று தானாகவே தெரிந்துவிடும், அதற்குள் யாருக்கு என்ன நஷ்டம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

நஷ்டம் அப்போதே வந்துவிட்டது. நாயின் மயிரில் தெள்ளுப்பூச்சி ஏறியிருக்கும், அது எந்தக் கூடாரத்துக்குள் போனாலும் ஆபத்து, உடனே கொன்று எரிக்கவேண்டும் என்றாள் டாக்டர். முடிவு வரும்வரை கட்டிப்போட்டால் ஆகாதா என்று ஒசோர்தான் கேட்டார். கட்டப் போகிறவனைப் பூச்சி கடிக்காதா என்று அவள் திருப்பிக் கேட்டாள். பஸர் அதற்குள் மேட்டில் ஏறி நின்றுகொண்டது. அவள் ஆட்களிடம் இருந்தது சிதறுகுண்டுத் துப்பாக்கி. கிட்டே போனால் நாய் ஓடும், தூரத்தில் சுட்டால் காயத்தோடு ஓடும். ஒரே வேட்டில் முடிக்கிற ஆள் உண்டா என்று கேட்டாள். எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள்.

கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மிஜித் குரல் கொடுத்தான்.

"ஒசோர் அண்ணன் சுடட்டும் டாக்டர். அவர் கை தப்பாது. பஸருக்கு வலிக்காது." பிறகு குரல் இறங்கியது. "அண்ணே, தலையில. ஒங்களுக்கு நான் சொல்லணுமா?"

இப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. ஒசோரின் வாய் திறக்கவும் செய்தது. சரிப்பா என்றது. அட பாவி மனுஷா.

சின்னத் துப்பாக்கியோடு மேட்டில் ஏறினார். அறுபது தப்படி என்று கணக்குப் பண்ணி ஒரு பாறைக்குப் பின்னால் முட்டிபோட்டார். துப்பாக்கி முனை நாயின் தலையில் நிற்க மறுத்தது. இந்தக் கையை வைத்துக்கொண்டு அறுபதிலும் சுடமுடியாது என்று அவருக்கே தெரிந்தது. பஸர் தலையைத் திருப்பிப் பார்த்தது. காதை மடக்கிக்கொண்டது. பிறகு எழுந்து வாலை ஆட்டியபடி அவரை நோக்கி நடக்க ஆரம்பித்தது. கிட்டே வரவிடாதீர்கள் என்று கீழேயிருந்து டாக்டர் கத்தினாள். சுள்ளி முறிந்தது. கீழே ஒல்சீ முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். மிஜித் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அசையாமல் நின்றான். இறங்கி வந்த ஒசோரைப் பார்த்து, நல்லபடியா முடிச்சீங்கண்ணே என்று நன்றி வேறு சொன்னான். ஒசோர் தன் கூடாரத்துக்குப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் டாக்டர் முகமூடி இல்லாமல் வந்தாள். அவள் இறங்கும்போதே ஊர் மூச்சு விட்டது. பிளேக் இல்லை. கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். நசுங்கின மிளகு மாதிரி ஒரு ஈயத் துண்டு.

"வயித்துக்குள்ள இருந்துச்சு. சின்னத் துப்பாக்கித் தோட்டா. மூணு நாள் சீழ்பிடிச்சுச் செத்துக்கிட்டே நடந்திருக்கு. எவனோ சுட்டுட்டு விட்டுட்டுப் போயிருக்கான்."

அவள் யாரென்று கேட்கவில்லை. அது அவள் வேலையும் இல்லை. ஆனால் கூட்டத்தில் ஒருவன் தொண்டையைச் செருமினான். பாதியில் விட்டுவிட்டு வருகிற ஆள் நம்ம பள்ளத்தாக்கில் ஒருத்தன்தானே என்றான் இன்னொருவன். அவனிடம்தான் துப்பாக்கியே இல்லையே என்று ஒரு கிழவி சொல்ல, இரவல் கிடைக்காதா என்ன என்று பதில் வந்தது. அரைவேட்டு என்று யாரோ முணுமுணுத்தார்கள். கயிற்றைத் தாண்டி அப்போதுதான் வெளியே வந்த மிஜித், குழந்தையைத் தோளில் போட்டபடி நின்றான். இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. இவர்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தக் குனிந்த தலையைத்தான் ஒசோரால் பார்க்க முடியவில்லை.

"அது என்னுது," என்றார்.

சத்தம் வெளியே வந்ததா இல்லையா என்று அவருக்கே சந்தேகம். இன்னொரு தரம் சொன்னார். ஹாந்த் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் ஓரடி தள்ளி நின்றாள். வடக்குச் சரிவு, கவரி வால் எடுத்துப் போகாதது, பாறை, மண்வெட்டி கேட்க வெட்கப்பட்டது, எல்லாவற்றையும் தரையைப் பார்த்தே சொன்னார். நாயைச் சுடும்போதும் தெரியும் என்பதையும் விடாமல் சொன்னார். கூட்டத்தில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

மிஜித் குழந்தையை ஒல்சீயிடம் கொடுத்துவிட்டு அவர் எதிரில் வந்து நின்றான். அடிப்பான் என்று நினைத்தார். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றார்.

"எத்தனை தப்படிண்ணே?"

"நூத்தி நாப்பது."

மிஜித் மெதுவாகத் தலையாட்டினான். கோபம்கூட இல்லாத முகம். மேட்டுப்பக்கம், நாயை எரித்த கறுப்புத் தரையை ஒருதரம் பார்த்தான்.

"பஸர?"

ஒசோரும் அந்தக் கறுப்புத் தரையைப் பார்த்தார்.

"பத்துகூட இல்லடா," என்றார். "அதுவாத்தான் எங்கிட்ட வந்துச்சு."