சொந்தக் கடிதங்களின் கட்டு

விஜயபாஸ்கர் எம்.ஏ. இங்கிலீஷ் படித்தவன். துபாய் அல் குசைஸில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமைகளில் ரூமில் உட்கார்ந்து இன்னொரு வேலை. அமெரிக்காவின் ஆரம்பகால ஜனாதிபதி ஒருவரின் பழைய கடிதங்களைக் கம்ப்யூட்டர் படித்து அடித்திருக்கும். இவன் மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்த வேண்டும். அரசாங்கக் கடிதங்கள் ஒரு கட்டு, சொந்தக் கடிதங்கள் ஒரு கட்டு.

அரசாங்கக் கட்டில் மூச்சுக்கு முந்நூறு தடவை சுதந்திரம். சொந்தக் கட்டைத் திறந்தால், தன் வீட்டை விட்டு ஓடிப்போன அடிமைப் பெண்ணைப் பிடித்துத் தரச்சொல்லித் துறைமுக அதிகாரி ஒருவருக்குக் கடிதம். ஊருக்குத் தெரிய வேண்டாமாம். நல்ல வார்த்தை சொல்லி ஏமாற்றிக் கப்பலேற்றிவிட வேண்டுமாம்.

"படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயிலு! இவனெல்லாம் ஒரு பெரிய மனுசன்!" என்று திரையைப் பார்த்தே திட்டினான் விஜயபாஸ்கர். திட்டுவதற்கென்ன, காசா பணமா!

மறுநாள் மேனேஜர் ஜெயசீலன் கூப்பிட்டார். கம்பெனித் தொழிலாளி ராக்கப்பன் லேபர் கேம்ப்பை விட்டு ஓடி மூன்று வாரம். சைட்டில் சாரம் சரிந்து இரண்டு பேர் செத்ததை நேரில் பார்த்தவன் அவன் ஒருவன்தான். வியாழக்கிழமை கோர்ட்டில் கம்பெனிக்கு எதிராகச் சாட்சி சொல்லப்போகிறான்.

"கேபிள் திருடிட்டான்னு கேஸ் குடுத்தாச்சு. ஆள் எங்க இருக்கான்னுதான் தெரியல. உன் ஊர்க்காரன்தானே? லீவு சாங்ஷன் ஆயிருச்சு, வந்து பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் வாங்கிக்கன்னு மெசேஜ் போடு. ஆஃபீஸ் மெயில்ல வேணாம், உன் வாட்ஸ்ஆப்லயே போடு."

"பாவம் சார். நாலு வருசமா பிள்ள மொகத்தப் பாக்கல அவன்."

"உன் விசா ரினியூவல் என் டேபிள்லதான் கெடக்கு பாஸ்கர். யல்லா, சீக்கிரம் போடு."

போட்டான். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டே போட்டான். ஐந்து நிமிடத்தில் ராக்கப்பன் குரல் வந்தது. "நெசமாவாண்ணே? வேற ஆரு சொல்லியிருந்தாலும் நம்பமாட்டேன். நீங்க சொன்னாச் சரிதேன்."

புதன்கிழமை காலை ராக்கப்பன் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தான். ரிசப்ஷனில் போலீஸ் காத்திருந்தது. பிடித்துக்கொண்டு போகும்போது அவன் கத்தவில்லை. "என்னண்ணே இது?" என்று மட்டும் கேட்டான். விஜயபாஸ்கர் குனிந்து பிரிண்டரில் பேப்பர் வைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சொந்தக் கட்டில் அடுத்த தாள். துறைமுக அதிகாரியின் பதில். 'அந்தப் பெண்ணை நேரில் கண்டேன். பொய் சொல்லிக் கப்பலேற்ற எனக்கு மனம் வரவில்லை. தாங்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளவும்.'

ஜனாதிபதிக்கே அப்படி எழுதியிருக்கிறான் ஒரு மனுசன்! கம்ப்யூட்டர் ஒரு பிழைகூட விடவில்லை. விஜயபாஸ்கருக்குத் திருத்த ஒன்றுமே இல்லை, இருந்தாலும் திரும்பத் திரும்ப அதையே படித்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

போனில் மெசேஜ் வந்தது. ராக்கப்பன் பெண்டாட்டி வடிவு பேசி அனுப்பியிருந்தாள்.

"அண்ணே, லீவு கெடச்சிருச்சுன்னு நீங்கதேன் சொன்னீகளாம். நாலு நாளா அவுக போனு போகவே இல்ல. அப்பா வாராகன்னு பிள்ள புதுப்பாவாடையக் கட்டிக்கிட்டுக் கழட்டமாட்டேங்குது. எந்த ஃபிளைட்டுண்ணே?"

மூன்று தடவை போட்டுக் கேட்டான். ராக்கப்பனுக்கு எழுத வந்த கை, வடிவுக்கு எழுத வரவில்லை.