சட்டை அவனுடையது

கண் ஆபரேஷனுக்குப் போட்ட கட்டைப் பிரித்த மறுநாள் காலை ஆறு மணிக்கு, மேட்ரன் வழக்கம்போல் குளித்து, கஞ்சி போட்ட சேலை உடுத்தி, மேஜைமேல் டேப்லெட்டை நிமிர்த்தி வைத்துத் தம்பியின் படத்துக்குக் கைகூப்பினார். கூப்பிய கை அப்படியே நின்றுவிட்டது.

படத்தில் இருந்தது தம்பி இல்லை. தங்கை புருஷன்.

மேட்ரன் டாக்டர் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். மாட்டிப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் அதே மூக்குதான். பக்கத்து போர்ஷனிலிருந்து நாளுக்கு நாலு தடவை எட்டிப் பார்த்து, "காபி இருக்கா அக்கா?" என்று கேட்கும் அதே மூக்கு.

முப்பத்து நான்கு வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர் அவர். மாத்திரை கொடுக்கும்முன் நோயாளியின் பேரைக் கேட்பார், மணிக்கட்டில் கட்டிய சீட்டைப் பார்ப்பார், மறுபடியும் பேரைக் கேட்பார். ஒருவர் மருந்து இன்னொருவர் வாய்க்குப் போனது என்ற பேச்சு அவர் வார்டில் எழுந்ததே கிடையாது. ஓய்வு பெற்ற பிறகும் தெருவே அவரை மேட்ரன் என்றுதான் அழைத்தது. அப்பேர்ப்பட்டவர் வீட்டுப் பையனின் பேருக்குமேல் இன்னொருவர் முகம்!

போரில் இறந்தவர்களுக்காக இணையத்தில் ஒரு நினைவகம் உண்டு. ஆளுக்கு ஒரு பக்கம். அதிகாரியானாலும் சமையற்காரரானாலும் பேர் ஒரே அளவு எழுத்தில்தான் இருக்கும். பூ, விளக்கு, பாட்டு என்று எந்த அலங்காரமும் கிடையாது. படத்துக்குக் கீழே வந்தவர்கள் ஒரு வரி எழுதிவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். அந்தக் கண்டிப்பு மேட்ரனுக்குப் பிடித்திருந்தது. இராணுவத்தில் லாரி ஓட்டி, இருபத்தாறு வயதில் குண்டுக்குப் பலியான தம்பிக்கு அங்கே இடம் கேட்டு எழுதச் சொன்னவரே அவர்தான். தங்கை மகள் பழைய ஆல்பத்தைப் புரட்டி ஒரு படத்தை எடுத்தாள். சீருடை, தொப்பி, நிமிர்ந்த தோள். சட்டையில் தைத்த பட்டையில் மாமாவின் இராணுவ எண். போதாதா? மாமா இறந்த பிறகு பிறந்தவள் அவள்.

அனுப்பும்முன் பெரியம்மாவிடம் காட்டத்தான் செய்தாள். "சரியா இருக்கா பெரியம்மா?"

அப்போதே மேட்ரனின் இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்கே கண் பரிசோதனை செய்தவர் தன் கண் மங்கிவிட்டது என்று எப்படிச் சொல்வார்? தொப்பி தெரிந்தது, தோள் தெரிந்தது. முகம் மட்டும் மோரில் கரைந்த மாதிரி இருந்தது.

"என் தம்பியை எனக்குத் தெரியாதாடி?" என்றார்.

அன்றிலிருந்து மூன்று வருடம், ஒரு நாள் தவறாமல், காலை ஆறு மணிக்குக் கைகூப்பி வந்தார். அதோடு விட்டாரா? தங்கை புருஷன் கூன் போட்டு நடந்தால் டேப்லெட்டைக் காட்டி, "அவன் நிக்கிற நிலையைப் பாருங்க மாப்பிள்ளை. நீங்களும் நிக்கிறீங்களே, நனைஞ்ச சாக்கு மாதிரி" என்பார்.

இப்போது அந்தச் சாக்கைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

"மாப்பிள்ளை! உடனே இங்க வாங்க!"

தங்கை புருஷன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வழுக்கை, தொந்தி, மீசை. மனைவி இறந்த பிறகு மகளோடு பக்கத்து போர்ஷனில் இருந்தார். உயிர்ச் சிநேகிதனாக இருந்த மச்சானின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் அந்தப் பக்கத்தை அவர் ஒருநாளும் திறந்தது கிடையாது. அக்கா டேப்லெட்டை நீட்டும்போதெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இன்றைக்கு மேட்ரன் விடவில்லை.

"தலையை நிமிர்த்துங்க. இது யாரு?"

கண்டக்டர் பார்த்தார். மூக்குக்கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். அவர் தொந்தி மெல்லக் குலுங்க ஆரம்பித்தது.

"அட, நான்தான்! இது அவன் லீவுல வந்தப்ப எடுத்தது. சட்டை அவனோடது, ஆள் நான். 'சிரிக்காதே, சிரிச்சா சீருடைக்கு மரியாதை இல்லை'ன்னு உசிரை வாங்கிட்டான்." சட்டென்று நிறுத்தினார். "அக்கா... அப்ப மூணு வருசமா காலையில நீங்க கும்பிட்டது..."

"வாயை மூடுங்க."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணியிருப்பேனே!"

சத்தம் கேட்டு ஓடிவந்த மகள், விஷயம் புரிந்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எனக்கு எப்படிப்பா தெரியும்? உங்க முகத்துல இப்படி ஒரு கண்டிப்பை நான் ஜென்மத்துல பார்த்ததில்லையே!"

கண்டக்டர் அதற்குள் கீழே இருந்த வரிகளைப் படித்துக்கொண்டிருந்தார். "'என்ன கம்பீரமான முகம்.' கேட்டியா? 'கண்ணிலேயே வீரம் தெரிகிறது.' உங்கம்மா இருந்து இதைக் கேக்கக் கூடாதா! 'என்னத்தைப் பார்த்து கட்டிக்கிட்டேனோ'ன்னு கடைசிவரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தா."

மேட்ரனுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றது. இருநூற்றுச் சொச்சம் பேர் தம்பியின் பேரைப் படித்து, வேறொரு முகத்தை மனதில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். வேறு படம் கொடுக்கலாம் என்றால், வேறு படம் ஏது? பத்து மாதக் குழந்தையாகக் குப்புறக் கிடக்கும் படம் ஒன்று உண்டு. பிறகு வீட்டுக்குக் காமிரா வந்தது, அது அவன் கையைவிட்டு இறங்கவில்லை. கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றையும் அவன் எடுத்தான். எதிலும் அவன் இல்லை. இராணுவக் கோப்பில் இருந்த படமும் ஈரத்தில் அழிந்துவிட்டதாக எப்போதோ கடிதம் வந்திருந்தது.

கண்டக்டர் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். கழுத்தைச் சொறிந்தார். பிறகு தன் போர்ஷனுக்குப் போய், வேலை பார்த்த காலத்துத் தோல்பையோடு திரும்பி வந்தார்.

"காரியம் முடிஞ்ச அன்னைக்கு நீங்க சொன்னீங்க, 'கண்ட படத்தையும் வெளியில எடுக்காதீங்க, குடும்ப மானம் போயிடும்'னு. அதான் எடுக்கலை."

டிக்கெட்டில் துளை போடும் கருவிக்கு அடியிலிருந்து, பிளாஸ்டிக் உறையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வந்தது.

தம்பிதான். கண்டக்டரின் காக்கிச் சட்டையில், அதே தோல்பை தோளில் தொங்க, கழுத்தில் விசிலோடு, காமிராவைப் பார்த்து ஒரு டிக்கெட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறான். நிற்கிறான் என்பதுகூடச் சரியில்லை. சிரித்துச் சிரித்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறான். வாய் காது வரைக்கும் போயிருந்தது.

"என் சட்டையை அவன் போட்டுக்கிட்டான், அவன் சட்டையை நான். நான் எடுத்த ஒரே படம் இதுதான். விசிலைக் கழட்டாமலே ரயிலேறிட்டான். மறுநாள் டிப்போவுல நான் வாங்கின திட்டு இருக்கே!"

மேட்ரன் படத்தை வெகுநேரம் பார்த்தார். மனது நிறைந்தது. அடுத்த நொடியே முதுகு விறைத்தது.

"நாட்டுக்காகச் செத்தவன், டிக்கெட் கிழிச்சுக்கிட்டா நிக்கணும்? ஊர் என்ன சொல்லும்?"

"அதுக்கென்ன பெரியம்மா," என்றாள் மகள். "முகத்தை இதிலேருந்து எடுத்து, சீருடையை அதிலேருந்து எடுத்து ஒண்ணாச் சேர்த்துடலாம். போன்லயே வரும்."

காபி ஆறுவதற்குள் வந்துவிட்டது. தம்பியின் முகம், தம்பியின் சீருடை, தொப்பிகூடக் கச்சிதம். வாயையும் அந்தச் செயலியே கண்ணியமாக மூடிவிட்டிருந்தது. மேட்ரன் எதிர்பார்த்திருந்த தம்பி அப்படியே அச்சாக நின்றான். இதில் பொய் என்ன இருக்கிறது? முகம் அவனுடையது, சட்டையும் அவனுடையது. அப்படித்தான் அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார்.

பத்து மணிக்கு மூவரும் நினைவக அலுவலகத்துக்குப் போனார்கள். சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை. அலமாரி முழுக்கக் கோப்புகள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பேர். பதிவாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்தது.

"என் தப்புதாம்மா. எண்ணைப் பார்த்தேன், ஆளை விசாரிக்கலை. மன்னிச்சுக்குங்க." சொன்ன கையோடு கண்டக்டரின் முகத்தை இணையப் பக்கத்திலிருந்து நீக்கினார். அந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறக் கட்டம் வந்தது.

"போச்சு," என்றார் கண்டக்டர் மெதுவாக. "என் வீரமெல்லாம் போச்சு."

"அப்பா, சும்மா இருங்க."

மேட்ரன் போனை நீட்டினார். ஒட்டுப்போட்ட படம். பதிவாளர் பார்த்தார். அழகாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பேனாவைத் திறந்து படிவத்தை இழுத்துக்கொண்டார்.

"இது எப்ப எடுத்ததும்மா? எங்க? யார் எடுத்தது?"

சாதாரணக் கேள்விதான். வார்டில் மேட்ரனே ஆயிரம் தடவை கேட்ட கேள்வி. எத்தனை மணிக்குக் கொடுத்தே? யார் கொடுத்தது? தெரியாத நேரத்தைத் தெரிந்த மாதிரி எழுதிய ஒரு நர்ஸை அவர் வாசலில் நிற்கவைத்திருக்கிறார். இன்று பேனா தனக்காகக் காத்திருக்கிறது. தம்பியின் பேருக்குக் கீழே, தன் வாயால், ஒரு பொய்யான தேதி.

"எடுக்கலைம்மா," என்றார் மேட்ரன். "செஞ்சது. காலையில."

மகள் தலை குனிந்தாள். மேட்ரன் தலை குனியவில்லை, அது அவர் உடம்புக்கே வராது. ஆனால் காது இரண்டும் சுட்டன.

"மாப்பிள்ளை, அதைக் கொடுங்க."

பிளாஸ்டிக் உறை மேஜைமேல் வந்தது. பதிவாளர் பூதக்கண்ணாடியை எடுத்தார். குனிந்தார். எழுந்துபோய், தம்பியின் கோப்பை எடுத்து, பழுத்துப்போன இராணுவச் சான்றிதழின் நகலைப் பிரித்தார். விரல் ஒரு வரியில் போய் நின்றது.

"அடையாளக் குறி. மேல்வரிசை முன்பல் ஒன்று, பாதி உடைந்தது," என்று படித்தார். படத்தை மேட்ரன் பக்கம் திருப்பினார். "பாருங்கம்மா."

புதுக் கண்ணால் மேட்ரன் பார்த்தார். அந்தப் பெரிய சிரிப்பின் நடுவே, சாய்வாக உடைந்த அந்தப் பல்.

"இவரு சிரிக்காம இருந்திருந்தா, இவர்தான்னு சொல்ல எனக்கு ஒரு ஆதாரமும் இருந்திருக்காது," என்றார் பதிவாளர். "நீங்க செஞ்ச படத்துல வாயை மூடிட்டீங்களே. அவரையே அழிச்சிட்டீங்க."

மேட்ரன் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வாயை மூடினால்தான் மரியாதை என்று இத்தனை காலம் நினைத்திருந்தார். அவன் உயிரோடிருந்தபோதும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: பல்லைக் காட்டாதேடா.

"நேர்ல பழகின ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடணும்," என்றார் பதிவாளர். "பல் எப்படி உடைஞ்சதுன்னு தெரிஞ்சா எழுதிக்கிறேன். கோப்புல மட்டும்தான் இருக்கும்."

"வாசப்படியில தடுக்கி விழுந்தான்," என்றார் கண்டக்டர். "எங்க மாமியார் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம்."

மேட்ரன் தொண்டையைச் செருமினார்.

"தடுக்கி விழலை. நான் தள்ளினேன்."

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"என் புது ரிப்பனை எடுத்து நாய் கழுத்துல கட்டிட்டான். ஒரு தள்ளு தள்ளினேன், படி தடுத்துச்சு. அம்மாகிட்ட, தானே விழுந்ததாச் சொன்னேன். அவன் என்னைக் காட்டிக் கொடுக்கவே இல்லை. சாட்சிக் கையெழுத்துல பொய் கூடாது. எழுதிக்குங்க."

"அறுபது வருசம்!" கண்டக்டர் நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டார். "அறுபது வருசமா அந்த வாசப்படியைத் திட்டிக்கிட்டிருக்கோம்! அக்கா, அந்தப் படிக்கிட்டப் போய் மன்னிப்புக் கேளுங்க!"

"கையெழுத்தைப் போடுங்க மாப்பிள்ளை."

மேட்ரனின் குரல் கண்டிப்பாகத்தான் வந்தது. ஆனால் உதடு அடங்கவில்லை. முதலில் பதிவாளர் சிரித்தார், பிறகு மகள், கடைசியில் மேட்ரன். சைக்கிள் கடைக்காரர் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தார். அந்த அலுவலகத்தில் அப்படி ஒரு சத்தம் அவர் கேட்டதில்லை.

சாயங்காலம் இணையப் பக்கத்தில் புதுப் படம் ஏறியது. கீழே எல்லாருக்கும் போடுகிற அதே சிறிய எழுத்தில் மூன்று வரி: 'விடுப்பு நாளில், தங்கை கணவரின் கண்டக்டர் சட்டையில். படம் எடுத்தவர் தங்கை கணவர். இதற்குமுன் இங்கே தவறுதலாக வேறொருவர் படம் இருந்தது, வருந்துகிறோம்.' ஊர் என்ன சொல்லுமோ என்று மேட்ரன் காத்திருந்தார். இரண்டு நாள் ஊர் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை ஒரு வரி வந்திருந்தது. ஒரு வரி இல்லை, ஏழெட்டு. மேட்ரன் பக்கத்து போர்ஷன் சுவரைத் தட்டி எல்லாரையும் வரவழைத்து, நின்றபடியே சத்தமாகப் படித்தார்.

'நானும் அதே படையில் லாரி ஓட்டியவன். இந்தப் பேரைப் பார்த்து இரண்டு வருடம் முன்பே இந்தப் பக்கத்துக்கு வந்தேன். முகம் வேறாக இருந்ததால், அதே பேருள்ள வேறு யாரோ என்று திரும்பிவிட்டேன். இன்று இந்தப் பல்லைப் பார்த்தேன். இவன்தான். எங்கள் வரிசையில் முதல் லாரி இவனுடையது. கழுத்தில் ஒரு கண்டக்டர் விசில் தொங்கும். பஸ் கிளம்பக் கொடுப்பதுபோல் இரண்டு விசில் கொடுக்காமல் வண்டியைக் கிளப்பமாட்டான். எத்தனை பயமான பாதையானாலும் அந்த இரண்டு விசில் கேட்டால் பின்னால் வரும் நாங்கள் பன்னிரண்டு பேரும் சிரித்துவிடுவோம்.'

கண்டக்டர் மீசையைத் துடைத்துக்கொண்டார். கண்ணையும் சேர்த்துத்தான்.

"என் விசில்," என்றார். "டிப்போவுல எவ்வளவு திட்டு! பரவாயில்லை. நல்ல ரூட்டுலதான் ஓடியிருக்கு."

மேட்ரன் டேப்லெட்டை மேஜைமேல் நிமிர்த்தி வைத்தார். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நேராக நின்று கைகூப்பினார். படத்தில் தம்பி டிக்கெட்டை நீட்டிக்கொண்டு பல்லெல்லாம் காட்டினான். மேட்ரனும் காட்டினார்.

"மாப்பிள்ளை, சும்மா நிக்காதீங்க. விசில் அடிக்கத் தெரியும்ல? ரெண்டு."

கண்டக்டர் இரண்டு விரலை வாயில் வைத்தார். தெருவில் நின்றிருந்த ஒரு நிஜ பஸ்ஸின் டிரைவர், தன் கண்டக்டர்தான் 'ரைட்' கொடுத்துவிட்டார் என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.